மாலை போட்ட மறுநாள் வந்த வலிப்பு: வடசென்னையில் ஒரு குடிநோயாளியின் 14 மாதங்கள்

இதில் வருகிறவர்களின் பெயர்களைச் சொல்லவில்லை. அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். கணவன், மனைவி இருவருக்கும் வாசித்துக் காட்டி, அவர்கள் சரி என்ற பிறகுதான் இதை வெளியில் தருகிறேன். "எங்களுக்கு நடந்தது இன்னொருத்தர் ஊட்ல நடக்க வேணாம்" என்றார் மனைவி.

நான் ராயபுரம் பக்கம் ஒரு சிறிய புறநோயாளி மையத்தில் குடிநோய் ஆலோசகராக இருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு நாள் மனநல மருத்துவர் வருவார். மற்ற நாட்களில் நாங்கள் இரண்டு ஆலோசகர்கள் மட்டும். இந்த நிகழ்வில் நான் செய்த ஒரு தவறு இருக்கிறது. இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் முதல் காரணம்.

பின்னணி

அவருக்கு அப்போது 43 வயது. காசிமேடு துறைமுகத்தில் ஐஸ் வேலை. விசைப்படகுகள் கடலுக்குப் புறப்படும் முன் ஐஸ் பாரை உடைத்துப் படகின் அடியில் நிரப்ப வேண்டும். நள்ளிரவு தாண்டி ஆரம்பித்தால் விடியும் வரை ஓடும். தள்ளித் தள்ளி விரல் மரத்துப்போகும். "ஒரு கட்டிங் போட்டாத்தான் கை ஓடும்" என்பது அங்கே பழகிப்போன பேச்சு. மது தோலுக்கடியில் உள்ள ரத்தக் குழாய்களை விரிப்பதால் உடம்பு சூடான மாதிரி தோன்றும். உண்மையில் உள்சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். குளிருக்குக் குடிக்கிறவர் இன்னும் குளிர்ந்துபோகிறார்.

27 வயதில் அப்படித்தான் தொடங்கியது. 16 வருடத்தில் அந்த ஒரு கட்டிங் தினமும் மூன்று குவார்ட்டர் ஆகிவிட்டது. ஒரு குவார்ட்டர் 180 மில்லி. பாட்டில் லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். கணக்குப் போட்டால் ஒரு குவார்ட்டரில் கிட்டத்தட்ட 60 கிராம் ஆல்கஹால். மூன்றுக்கு 180 கிராம், ஒரு நாள் விடாமல். டாஸ்மாக் மதியம் 12 மணிக்குத்தான் திறக்கும் என்பதால் முந்தின இரவே கொஞ்சம் மீதி வைப்பார். அது தீர்ந்துபோன நாளில் பிளாக்கில் கூடுதல் விலை கொடுத்து வாங்குவார். காலையில் முதல் வாய் உள்ளே போகும்வரை டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தால்தான் சிந்தாது.

வீட்டில் மனைவி, பிளஸ் டூ படிக்கும் மகள், அவருடைய அம்மா. மனைவிக்கு இறால் உரிக்கும் வேலை.

முதலில் வந்தவர் மனைவி

ஆடி மாதக் கடைசியில், மதியம் மூன்று மணிக்கு, தனியாக வந்தார். இறால் உரித்து உரித்து நகக்கண் எல்லாம் வெந்து வெளுத்திருந்தது. கையில் மகளின் பழைய நோட்டுப் புத்தகம். அதில் யாருக்கு எவ்வளவு கடன் என்று தேதி போட்டு எழுதியிருந்தார். மகளிர் குழுக் கடன், அடகுக் கடைச் சீட்டு, அப்புறம் பிளாக்கில் விற்பவரிடம் கணவர் சொல்லி வைத்த பாக்கி. அந்தப் பாக்கியையும் இவர்தான் அடைத்துக்கொண்டிருந்தார்.

"அவர் வரமாட்டாரு மேடம். நான் வந்து பிரயோஜனம் இருக்குதா?" என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன். குடிப்பவர் வராவிட்டாலும் குடும்பத்தோடு வேலை செய்து அவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவரலாம். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் மேயர்ஸ் இதை ஒரு முறையாகவே வகுத்தார். கிராஃப்ட் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கத்துவது, கெஞ்சுவது, சத்தியம் வாங்குவது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் நெருங்குவது, குடித்திருக்கும் நேரத்தில் விலகிக்கொள்வது, குடியால் வரும் விளைவுகளை அவருக்குப் பதிலாகத் தான் சுமக்காமல் இருப்பது. அதன் சாரம் இதுதான்.

வாரம் ஒரு முறை என ஐந்து தடவை பேசினோம். பிளாக் பாக்கியை இனி அடைப்பதில்லை, வேலைக்குப் போகாத நாளில் மேஸ்திரிக்குப் போன் போட்டு "காய்ச்சல்" என்று சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். சோறு போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை; அதை அவரும் கேட்கவில்லை. கணவர் இரண்டு முறை கை நீட்டியிருக்கிறார் என்று தெரிந்ததும், மறுபடி அப்படி நடந்தால் மகளோடு எந்த வீட்டுக்குப் போவது, யாரிடம் சாவி இருக்கும் என்பதை முதல் நாளே பேசி வைத்தோம். 181 மகளிர் உதவி எண்ணைப் போனில் "சித்தி" என்று பதிந்துகொண்டார்.

இந்த நேரத்தில் அவருடைய தம்பி ஒரு யோசனை சொன்னார். ராத்திரி வேன் வரும், நாலு பேர் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள், மூன்று மாதம் கழித்து ஆள் திருந்தி வருவார். குடும்பம் ஓய்ந்துபோயிருக்கும்போது இந்தப் பேச்சு எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்றேன். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மதுவால் வரும் மனநலப் பாதிப்பும் வருகிறது. சிகிச்சைக்கு அவருடைய சம்மதம் வேண்டும். சம்மதம் இல்லாமல் சேர்க்கச் சட்டம் சொல்லும் நிபந்தனைகள் தனி, அதை மருத்துவர்கள்தான் தீர்மானிக்க வேண்டும், வேன் அனுப்புகிறவர்கள் தீர்மானிக்க முடியாது. இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருந்தது. தினமும் மூன்று குவார்ட்டர் குடிப்பவரை மருத்துவர் இல்லாத ஓர் அறையில் பூட்டி வைத்தால் முதல் நான்கு நாளில் அவர் செத்துப்போகக்கூடும். இதை அந்தத் தம்பியிடம் நானே விளக்கினேன். அப்படி விளக்கிய நான்தான் மூன்று மாதம் கழித்து அதை மறந்தேன்.

பொடி

மூன்றாவது சந்திப்பில், கிளம்ப எழுந்தவர் மறுபடி உட்கார்ந்து ஒன்றைச் சொன்னார். சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்து, "குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்ற பொடியை வாங்கியிருக்கிறார். ஒன்பது நாள் மீன் குழம்பில் கலந்து போட்டார். குடித்துவிட்டு வந்து சாப்பிட்டதும் அவருக்கு முகம் ரத்தமாகச் சிவந்தது, வாந்தி, நெஞ்சு படபடப்பு. அவர் மீன் கெட்டுப்போய்விட்டது என்று திட்டினார். பத்தாவது நாள் கூடத்தில் விழுந்து வேர்த்துக் கொட்டியதும் இவர் பயந்து பொட்டலத்தைக் குப்பையில் போட்டார்.

இப்படி விற்கும் பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரிய வழியில்லை. அவருக்கு வந்த அறிகுறிகளைப் பார்த்தால் டைசல்ஃபிராம் போன்ற ஒன்று என்றே எங்கள் மருத்துவர் சந்தேகப்பட்டார். மது உடம்புக்குள் போனதும் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறும், பிறகு அதுவும் கழியும். டைசல்ஃபிராம் அந்த இரண்டாவது படியைத் தடுத்துவிடும். நச்சு தேங்கும். அளவாகக் குடித்தவருக்கே வாந்தியும் படபடப்பும் வரும். நிறையக் குடித்தவருக்கு ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இதன் வேலை உடம்பில் இருக்கும். மருத்துவர் பார்த்து, ரத்தப் பரிசோதனை செய்து, சாப்பிடுபவர் தெரிந்து சம்மதித்து எடுத்தால் அது ஒரு மருந்து. குழம்பில் ரகசியமாகக் கலந்தால் விஷம்.

அவரைக் குற்றவாளி ஆக்காமல் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. புருஷனைக் கொல்ல நினைத்து அவர் அந்தப் பொடியை வாங்கவில்லை. சொல்லச் சொல்ல அழுதார். கணவரிடம் இதை எப்போது சொல்வது என்பதை அவருக்கே விட்டேன். ஆனால் சிகிச்சை தொடங்கினால் ஒரு நாள் சொல்லியே ஆக வேண்டும் என்றேன்.

அவர் வந்த நாள்

ஐப்பசியில் கணவரே வந்தார். மேஸ்திரி இரண்டு நாள் வேலை கொடுக்கவில்லை, வீட்டில் யாரும் அதற்குச் சாக்குச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை மனைவி "ஒரு எடத்துக்கு வர்றியா" என்று கேட்டதும் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆடிட் என்ற பத்துக் கேள்விகளைக் கேட்டோம். மொத்தம் 40, 8-ஐத் தொட்டாலே கவலை, 20-ஐத் தொட்டால் உடம்பு மதுவுக்கு அடிமையாகியிருக்கலாம் என்று பொருள். அவருக்கு 31 வந்தது.

நான் பேசும் முன்பே அவர் சொன்னார்: "கார்த்திகை ஒண்ணாந்தேதி மாலை போடுறேன் மேடம். அத்தோட முடிஞ்சுது. நாலு வருசமா போடுறேன், மாலை போட்டா ஒரு சொட்டு தொடமாட்டேன்." மனைவியும் தலையாட்டினார். அது உண்மைதான். நான்கு வருடமும் மாலை கழற்றும் வரை அவர் தொட்டதே இல்லை.

அன்றைய பதிவேட்டில் என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: "நல்ல உந்துதல். மாலை போடத் தேதி குறித்துவிட்டார்." பக்கத்தில் ஒரு டிக். எனக்கு அன்று நிஜமாகவே சந்தோஷம். மருத்துவரை அடுத்த வாரம் பார்க்கச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். அவர் வரவில்லை. வேலை இருந்தது என்று மனைவி சொன்னார். மாலை போடப்போகிறாரே என்று நானும் விட்டுவிட்டேன்.

நான் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றே ஒன்று: போன வருடம் மாலை போட்ட முதல் மூன்று நாள் உடம்பு எப்படி இருந்தது?

பிறகு கேட்டபோது தெரிந்தது. முதல் வருடம் இரண்டு நாள் தூக்கமில்லை. இரண்டாவது வருடம் கை நடுக்கமும் வாந்தியும். மூன்றாவது வருடம் மூன்று நாள் "காய்ச்சல்". நான்காவது வருடம் காய்ச்சலோடு, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று ஒரு ராத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் அதை விரதத்தின் சோதனை என்று எடுத்துக்கொண்டார்கள். திரும்பத் திரும்பத் திடீரென்று நிறுத்தும்போது ஒவ்வொரு முறையும் பின்விளைவு முந்தியதைவிடக் கடுமையாகக்கூடும். வருடத்துக்கு ஒரு படி மேலே ஏறிக்கொண்டிருந்தது என்பது அந்த நான்கு பதிலிலேயே இருந்தது.

கார்த்திகை முதல் நான்கு நாட்கள்

ஐப்பசி கடைசி நாள் இரவு 11 மணிக்குக் கடைசியாகக் குடித்தார். நாளையிலிருந்து கிடையாது என்பதால் வழக்கத்தைவிட அதிகம். விடியற்காலையில் குளித்து, கோயிலில் குருசாமி கையால் மாலை போட்டுக்கொண்டார். மகள்கூட அன்றிலிருந்து அவரை "சாமி" என்றுதான் கூப்பிட்டாள்.

மதியத்துக்குள் நடுக்கம் ஆரம்பித்தது. சாயங்காலம் வேர்வை, வாந்தி. தெருமுனை கிளினிக்கில் "தெம்பா இருக்க ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்டு ஏற்றிக்கொண்டு வந்தார்கள். நம் பக்கம் எல்லோரும் செய்வதுதான். ஆனால் வருடக்கணக்கில் குடிப்பவருக்கு உடம்பில் தயமின் என்ற பி-1 சத்து வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் இருக்கிற கொஞ்சமும் செலவாகி, மூளை பாதிக்கப்படலாம். கண் அலைபாய்வது, நடை தள்ளாடுவது, நினைவு குழம்புவது என்று வரும். அந்தக் கிளினிக்கில் யாரும் குடியைப் பற்றிக் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. மாலை போட்டவரைப் பார்த்து யாருக்குக் குடி நினைவுக்கு வரும்?

மறுநாள் விடியற்காலை நாலரை மணி. குளிக்க வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர் கீழே விழுந்தார். கை கால் இழுத்தது. கடைசியாகக் குடித்து இருபத்தொன்பதரை மணி நேரம். மதுவை நிறுத்துவதால் வரும் வலிப்பு பெரும்பாலும் 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வரும் என்பது நான் வகுப்பெடுக்கும் பாடம்.

பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தார். அம்மா, சாமி குத்தம் என்று கற்பூரம் ஏற்றினார். மனைவி எனக்குப் போன் போட்டார். 108-ஐக் கூப்பிடச் சொன்னேன். சாவியை எடுத்துவிட்டு ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதுவும் வைக்க வேண்டாம், தண்ணீர் கொடுக்க வேண்டாம் என்றேன். "ஆம்புலன்சில் வருகிறவர்களிடம், 16 வருடமாகத் தினமும் குடிப்பவர், முந்தாநாள் ராத்திரி பதினொரு மணிக்கு நிறுத்தியவர் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மாலையைப் பார்த்துத் தயங்காதீர்கள்." அன்று நான் உருப்படியாகச் செய்தது இது ஒன்றுதான்.

அரசு மருத்துவமனையில் அந்த ஒரு வாக்கியத்தால் நேரம் மிச்சமானது. தயமின் ஊசி, நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் மருந்து, தொடர்ந்த கண்காணிப்பு. இருந்தும் மூன்றாம் நாள் இரவு சித்தப்பிரமை வந்தது. டெலிரியம் ட்ரெமென்ஸ் என்பார்கள். நிறுத்திய இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வருவது. அவர் மனைவியை அடையாளம் தெரிந்துகொள்ளவில்லை. கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தார். "தள்ளு, தள்ளு, கரையுது பாரு" என்றார். நான் போயிருந்தபோது போர்வையிலிருந்து ஏதோ துண்டு துண்டாகப் பொறுக்கி என் கையில் வைத்தார். ஐஸ். உள்ளங்கை ஜில்லென்று இருக்கிறதா என்று என் முகத்தைப் பார்த்தார்.

மாலையைக் கழற்ற வேண்டியிருந்தது. வீட்டில் யாருக்கும் கை வரவில்லை. குருசாமியே வந்து, சரணம் சொல்லிக் கழற்றி, வீட்டில் சாமி படத்துக்குப் போடச் சொல்லிக் கொடுத்தார். "ஐயப்பன் கோவிச்சுக்க மாட்டாரும்மா. உடம்பு இருந்தாத்தான மலை ஏற முடியும்" என்றார். அந்த அம்மாவுக்கு அன்று அதைவிடப் பெரிய மருந்து இல்லை.

ஒன்பது நாளில் வீட்டுக்கு வந்தார்.

வீடு திரும்பிய பிறகு

உடம்பு முதலில் தேற வேண்டியிருந்தது. இரண்டு பாதமும் மரத்திருந்தன. நடை கொஞ்சம் அகலமாக, தரையைத் தேடுகிற மாதிரி. கல்லீரல் பரிசோதனையில் அளவுகள் ஏறியிருந்ததால், மருத்துவர் குடி நாட்டத்தைக் குறைக்க அகாம்ப்ரோசேட் தேர்ந்தெடுத்தார். அது சிறுநீரகம் வழியாகக் கழிவது. கல்லீரலுக்குச் சுமை தராது. தினம் மூன்று வேளை மாத்திரை. டைசல்ஃபிராம் பற்றி மருத்துவர் பேசவே வேண்டாம் என்றார், கல்லீரலைக் காரணம் காட்டி. எனக்கு வேறொரு காரணமும் தெரிந்திருந்தது.

தை மாதம், கணவன் மனைவி சேர்ந்து வந்த சந்திப்பில், மனைவி பொடியைப் பற்றிச் சொன்னார். அவர் ஒன்றும் பேசவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து போய்விட்டார். மூன்று வாரம் வீட்டில் சாப்பிடவில்லை. கையேந்தி பவனில் சாப்பிட்டுவிட்டு வந்து படுத்துக்கொள்வார். ஆனால் குடிக்கவில்லை. அந்த மூன்று வாரமும் நான் பயந்துகொண்டே இருந்தேன். தாமதித்துச் சொல்ல வைத்திருக்கலாமோ என்று பலமுறை யோசித்தேன். இப்போதும் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். எப்படியாவது ஒரு நாள் வெளியே வந்துவிடும்; குடித்திருக்கும் ஒரு ராத்திரியில் வருவதைவிடத் தெளிந்திருக்கும் நாளில் வருவது மேல்.

ஒரு இரவு அவரே வந்து உட்கார்ந்து "சோறு போடு" என்றார். மனைவி போட்டு, குழம்பு ஊற்றி, அதே தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துத் தான் சாப்பிட்டுவிட்டு, தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை என்று மறுவாரம் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

இந்தச் சமயத்தில் அவர் கேட்ட ஒரு கேள்விதான் எங்கள் வேலையின் திசையை மாற்றியது. "மாலை இல்லாம எப்டி மேடம் நிறுத்துறது?"

வலிப்பு வந்த நாளிலிருந்து அதுவரை நான் மாலையை ஒரு தடை போலவே பார்த்தேன். அன்று, மாலை போட்ட நாட்களில் என்னென்ன இருந்தன என்று அவரையே சொல்லச் சொன்னேன். காலையும் மாலையும் குளியல். பாயில் தூக்கம். சாயங்காலம் பஜனை, அதாவது கடை திறந்திருக்கும் நேரத்தில் பத்துப் பேரோடு வேறொரு இடம். தெருவில் நடந்தால் "சாமி" என்ற மரியாதை. எல்லாவற்றுக்கும் மேலாக, மாலை போட்டவரிடம் யாரும் "ஒரு கட்டிங்தான்பா" என்று நீட்டமாட்டார்கள். அவர் வேண்டாம் என்று சொல்லத் தேவையே இல்லை, மாலை சொல்லிவிடும்.

வைராக்கியம் என்று நாம் சொல்வதில் பாதி இந்த ஏற்பாடுகள்தான். இவை உடம்பு படும் பாட்டை மாற்றாது. அதற்கு மருத்துவர் வேண்டும். ஆனால் உடம்பு தேறிய பிறகு இவை எல்லாம் வேண்டும். மாலை கழற்றிய அன்று இத்தனையும் ஒரே நாளில் கழன்றுவிடுவதால்தான் நான்கு வருடமும் அன்றே குடித்தார்.

அதனால் ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்டினோம். குளியல் இருந்தது. பஜனை நேரத்துக்கு ஏ.ஏ. கூட்டம்: அல்கஹாலிக்ஸ் அனானிமஸ், 1935-இல் அமெரிக்காவில் தொடங்கியது, கட்டணம் கிடையாது, பெயர் கேட்கமாட்டார்கள். பக்கத்தில் ஒரு தேவாலயக் கூடத்தில் தமிழில் நடக்கிறது. முதல் நாள் தயங்கினார். துறைமுகத்தில் தெரிந்த முகம் ஒன்று அங்கே டீ ஊற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரியிடம் பேசி, பழைய கூட்டாளிகள் இல்லாத குழுவுக்கு மாறினார். கூலியை மனைவியிடம் கொடுக்கச் சொல்லலாம் என்றது அவருடைய யோசனை. எனக்கு முழுச் சம்மதமில்லை. பெரிய மனிதரைப் பிள்ளையாக்குகிற ஏற்பாடு நீடிக்காது. கையில் நூறு ரூபாய் அவருக்கு, மீதி வீட்டுக்கு, ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பேசுவோம் என்று வைத்தோம். நீட்டப்படும் கிளாஸுக்குப் பதில் சொல்லத்தான் நீண்ட நாள் ஆனது. பல வாக்கியங்களை முயன்று கடைசியில் அவருக்குப் பொருந்தியது: "வலிப்பு வந்துச்சுப்பா எனக்கு." உண்மை, சுருக்கம், யாரும் வற்புறுத்த முடியாதது.

தடைக்காலம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. படகு போகாவிட்டால் ஐஸ் ஏது. மீனவர் குடும்பங்களுக்கு நிவாரணம் உண்டு; இவர் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. வேலையில்லாத நாட்கள் வரப்போவது பங்குனியிலேயே தெரியும். ஒரு லோடு வண்டியில் கூடப்போக ஏற்பாடு செய்தோம். இரண்டு வாரத்தில் அது நின்றுவிட்டது.

மே மாதம் பழைய கூட்டாளி ஒருவரின் அப்பா இறந்துபோனார். சாவு வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியாது, போகச் சொல்லாமலும் இருக்க முடியாது. ராத்திரி முழுக்கக் கானா, வெடி, கூடவே பாட்டில். அன்று குடித்தார். நான்கு நாள் குடித்தார்.

மனைவி என்ன செய்ய வேண்டும் என்பதை நாங்கள் முன்பே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தோம். ராத்திரி எதுவும் பேசவில்லை, பாக்கி அடைக்கவில்லை, மகளோடு பக்கத்து வீட்டில் படுத்தார். ஐந்தாம் நாள் காலை, அவர் தெளிந்திருந்த அரைமணி நேரத்தில், "வா போலாம்" என்றார். இரண்டு பேரும் நடந்தே வந்தார்கள்.

குடித்தது நான்கு நாள்தான். இருந்தாலும் முன்பு வலிப்பும் சித்தப்பிரமையும் வந்தவர் என்பதால் மருத்துவர் அலட்சியம் காட்டவில்லை. தயமினும் நடுக்கத்துக்கான மாத்திரையும் கொடுத்து, தினமும் நேரில் வரச்சொல்லி, ஐந்து நாளில் படிப்படியாகக் குறைத்தார். அவர் என்னிடம் தலைகுனிந்து, "ஆறு மாசம் வீணாப் போச்சு" என்றார். ஆறு மாதம் குடிக்காமல் இருந்தது அவர் கால் நடையில் தெரிந்தது, கல்லீரல் அறிக்கையில் தெரிந்தது. அந்தத் தாள்களை மேசைமேல் பரப்பி, எது வீணாகப் போயிற்று என்று அவரையே காட்டச் சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடி செய்தால்

எங்கள் முதல் சந்திப்புப் படிவத்தில் இப்போது புதிதாகக் கேள்விகள் சேர்ந்திருக்கின்றன. இதற்கு முன் குடியை நிறுத்தியதுண்டா, எதற்காக, முதல் நான்கு நாள் உடம்பு என்ன செய்தது, வலிப்பு வந்ததுண்டா, மாலையோ வேறு வேண்டுதலோ வரப்போகிறதா. நிறுத்தப்போகிறேன் என்று ஒருவர் சொன்னால் நாங்கள் முதலில் கேட்பது "எப்படி?" என்று. அதற்குப் பிறகுதான் பாராட்டு. மருத்துவரைப் பார்க்கச் சீட்டு கொடுத்து ஆள் வராவிட்டால் அன்று சாயங்காலமே போன் போகிறது.

ஐப்பசி பிறந்ததும் இந்தப் பகுதிக் குருசாமிகளைப் போய்ப் பார்க்கிறோம். மாலையைக் கழற்றிக் கொடுத்த அந்தக் குருசாமிதான் மற்றவர்களிடம் அழைத்துப் போனார். தினமும் குடிப்பவர் மாலை போட வந்தால், பத்துப் பதினைந்து நாள் முன்பே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். அங்கே மருந்தோடு பத்திரமாக நிறுத்திவிட்டு வரட்டும். மாத்திரை விரதத்தை முறிக்காது என்று நீங்களே சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்காதவர்கள் அவர்கள் சொன்னால் கேட்கிறார்கள். யாருக்குப் போன் போடுவது என்று தெரியாதவர்களுக்கு 14446 என்ற கட்டணமில்லா எண்ணைக் கொடுக்கிறோம்; போதைப் பழக்கத்துக்கான தேசிய உதவி எண்.

இன்னொன்றையும் மாற்றிச் செய்வேன். மகளை நான் கடைசிவரை கூப்பிடவில்லை. பரீட்சை இருக்கிறது, தொந்தரவு வேண்டாம் என்று எல்லோரும் சொன்னோம், நானும் சேர்ந்து சொன்னேன். வலிப்பு வந்த விடியற்காலையில் வாளித் தண்ணீரை நிறுத்தி, அப்பாவின் தலைக்கடியில் துண்டு வைத்தது அவள்தான் என்பது எனக்கு எட்டு மாதம் கழித்துத்தான் தெரியும்.

இன்றைய நிலை

மனைவி முதன்முதலில் வந்து 14 மாதம் ஆகிறது. மே மாதத்துக்குப் பிறகு அவர் குடிக்கவில்லை. இடது பாதத்தில் மரத்தல் இன்னும் இருக்கிறது. மகளிர் குழுக் கடனில் பாதி அடைந்திருக்கிறது. பிளாக் பாக்கியை அவரே தவணையில் தீர்த்தார். நூறு ரூபாய் ஏற்பாட்டை விட்டுவிட்டார்கள். கூலியை இப்போது அவர் கையிலேயே வாங்குகிறார். இந்தக் கார்த்திகையில் மறுபடி மாலை போடப்போகிறார். ஐந்து மாதமாகக் குடிக்காதவர் என்பதால் முதல் நான்கு நாள் பற்றி மருத்துவருக்குப் பயமில்லை. மலையிலிருந்து இறங்கி மாலை கழற்றும் நாளுக்கும் அதற்கு மறுநாளுக்கும்தான் நாங்கள் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம். மாலை கழற்றிய அன்று சாயங்காலம் நேராக ஏ.ஏ. கூட்டத்துக்கு வருவதாகவும் குருசாமி தானே கூட்டிக்கொண்டு வந்து விடுவதாகவும் பேச்சு.

மகள் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். வீட்டில் அப்பாவோடு அதிகம் பேசுவதில்லை. போன வாரம் அம்மா மூலம், என்னைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஒரே ஒரு நிபந்தனை: அவள் பேசி முடிக்கும்வரை அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும், வீட்டுக்குப் போய்விடக் கூடாது. அவர் ஒப்புக்கொண்டார். புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வருகிறார்கள்.